முந்நூற்றுப் பத்து மீட்டர்

பல்கலைக்கழகம் வளர்வது என்று முடிவாகிவிட்டது. எப்படி வளர்வது என்பதில்தான் ஆறு மாதமாக இழுபறி. வடக்கே பழைய வளாகம். தெற்கே, மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் நிலம். அதைப் பல்கலைக்கழகம் புதிதாக வாங்கியிருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. முந்நூற்றுப் பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம். இரண்டு முனையிலும் இரும்புக் குத்துக்கால்கள் நட்டிருந்ததால் வண்டி நுழையாது, ஆள் மட்டும்தான் போகலாம். அந்தச் சந்தை அடைத்து மதிலைச் சேர்த்துவிட்டால் இரண்டு நிலமும் ஒன்றாகிவிடும். அடைக்கலாமா, கூடாதா என்று பார்த்துச் சொல்லத்தான் அவள் வேலை செய்த ஆய்வு நிறுவனத்தை நகராட்சி அமர்த்தியிருந்தது.

விதி என்னவோ சின்னதுதான். ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது பயணங்களுக்குக் குறையாமல் நடக்கும் பாதையை அடைக்கக் கூடாது. பயணம் என்றால் ஒரு முனையில் நுழைந்து, மறு முனையில் வெளியேறி, வேறொரு இடத்துக்குப் போய்ச் சேர்வது.

அவள் அந்தத் தொழிலில் பன்னிரண்டு வருடம் பழம் தின்று கொட்டை போட்டவள். எந்த நிலம் எதற்குப் பயன்படுகிறது, அதில் யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று அலசுவதுதான் வேலை. இதுவரை மற்றவர்களின் அறிக்கைக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தவளுக்கு, தன் கையெழுத்தோடு போகப்போகும் முதல் அறிக்கை இது. சந்தின் நடுவில் இருந்த விளக்குக் கம்பத்தில் ஆட்களை எண்ணும் பெட்டி ஒன்றை மாட்டினாள். யாராவது கடந்தால் அதில் ஒரு சிவப்புப் பொட்டு மினுக்கும், கணக்கில் ஒன்று ஏறும். ஏழு நாள் ஓடவிட்டு, பெட்டியைக் கழற்றாமல் கணக்கை மட்டும் எடுத்துப் பார்த்தபோது சராசரி எண்ணூற்று நாற்பத்தாறு வந்திருந்தது. தேவைக்கு மூன்று மடங்கு.

வரைபடத்தில் காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு மேடு எழும்பி ஏழே முக்காலுக்கு இறங்கியது. அதன் கீழே, "அதிகாலைப் பணிக்குச் செல்வோரின் உச்ச நேரம்" என்று எழுதினாள். மேலாளர் அந்த வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டு, "இது ஒண்ணு போதும்மா. சந்து தப்பிச்சது," என்றார். வரும் வியாழக்கிழமை குழுவின் முன் வைப்பதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா, அம்மா, அவள். அப்பா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு வருடம் முன்பு நெஞ்சைக் கீறி வைத்தியம் பார்த்த பிறகு, தினமும் முக்கால் மணி நேரமாவது மேடு பள்ளம் இல்லாத இடத்தில், வண்டிப் புகை இல்லாமல் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அன்றிலிருந்து நடக்கிறார். காலையில் அவள் எழுந்திருக்கும்போது அவருடைய செருப்பு வாசலில் இருக்காது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

"இன்னைக்கு பதினாறு," என்றார் அப்பா, காலை நீட்டிக்கொண்டு. "மேஜர் பதினாலுலயே கவுந்துட்டாரு."

மேஜர் எந்தப் படையிலும் இருந்தவரல்ல. மருந்துக் கடை வைத்திருந்தவர். மீசைக்கும் நடைக்கும் கிடைத்த பட்டம்.

"பெரிய சாதனை," என்றாள் அம்மா. "வீட்டுல ஒரு தண்ணிக் குடத்த நகத்தச் சொன்னா மூச்சு வாங்குது. அங்க போனா பதினாறு சுத்து."

"குடத்துக்குக் கூட நாலு பேர் சேர்ந்து நடந்தா நானும் நடப்பேன்டி."

அவள் சிரித்தாள். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, வாய் தானாகக் கேட்டது. "எங்கப்பா நடக்கறீங்க?"

"யூனிவர்சிட்டி பக்கத்துல சந்து இருக்குல்ல, வண்டி வராதே, அங்கதான். இருபத்திரெண்டு பேரு இருக்கோம் இப்ப. டீச்சரம்மாவும் அவங்க தங்கச்சியும் போன மாசம் சேர்ந்தாங்க. இப்ப என்ன கூத்துன்னா, கம்பத்துல என்னமோ பொட்டி மாட்டியிருக்கான். நாம போனா கண்ணடிக்குது. மேஜர் ஒவ்வொரு சுத்துக்கும் அதுக்கு ஒரு சலாம் வைக்கிறாரு. இப்ப எல்லாரும் வைக்கிறோம்."

கையிலிருந்த தேநீரை அவள் ஆறவிட்டாள்.

மற்றவர்களின் போக்குவரத்தைக் கேட்டுக் கேட்டே சம்பளம் வாங்குகிறவள். முன்பின் தெரியாதவர்களை வழிமறித்து, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், எதற்கு, வாரத்தில் எத்தனை நாள் என்று நாலு பக்கப் படிவம் நிரப்புகிறவள். இரண்டு வருடமாக ஒரே கூரையின் கீழ் இருக்கும் மனிதரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டதில்லை.

அறைக்குள் போய் மடிக்கணினியைத் திறந்தாள். இருபத்திரண்டு பேர். ஆளுக்குப் பதினாலு சுற்று என்று வைத்துக்கொண்டால், போக ஒன்று வர ஒன்று, இருபத்தெட்டு தடவை. அறுநூற்றுப் பதினாறு. எண்ணூற்று நாற்பத்தாறில் அது போனால் மிச்சம் இருநூற்று முப்பது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். அறைக்குள் நடந்தாள். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே எட்டு அடி. திரும்ப எட்டு அடி. தானும் சுற்றிக்கொண்டிருப்பது தெரிந்ததும் நின்றாள்.

அந்தக் காலை மேட்டின் திசைவாரிக் கணக்கைத் திறந்தாள். கிழக்கு நோக்கி முந்நூற்று இருபத்து நான்கு, மேற்கு நோக்கி முந்நூற்று இருபத்திரண்டு. வேலைக்குப் போகிற கூட்டமென்றால் காலையில் ஒரு பக்கமாகத்தான் வழியும். சாயங்காலம்தான் திரும்பும். படிப்பை முடித்துவிட்டு வந்த முதல் வருடத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அவள் அந்த இரண்டு எண்களையும் முன்பே பார்த்திருந்தாள். எவ்வளவு சமமாக வந்திருக்கிறது என்று மனதுக்குள் மெச்சியும் இருந்தாள்.

திங்கள் விடியலில் போய்ப் பார்த்தாள். அப்பாவின் கண்ணில் படாமல், பேருந்து நிறுத்தத்தின் கூரைக்கடியில் நின்றாள். வந்தார்கள். டீச்சரம்மா வெள்ளைக் காலணியில், தங்கை இரண்டடி பின்னால். மேஜர் ராணுவத்தையே நடத்திப் போவதுபோல். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இல்லாத பேருந்தின் இல்லாத கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி அவ்வப்போது வலப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு. ஒவ்வொருவராகக் கம்பத்துக்கு சலாம் வைத்தார்கள். சிவப்புப் பொட்டு மினுக்கியது. யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பா அப்படிச் சிரித்து அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

நேரே அலுவலகம் போய் மேலாளரிடம் சொன்னாள். அவர் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"பொட்டி எண்ணிச்சு. நாம எழுதினோம். யாராவது கேட்டாங்களா?"

"நான் கேட்டுட்டேனே, சார்."

"பல்கலைக்கழக இன்ஜினியருக்கு இது தெரிஞ்சா நம்ம அறிக்கைய கிழிச்சுத் தொங்க விட்ருவான்."

"தெரியாட்டியும் தப்பு தப்புதான்."

"தப்புன்னு யாரு சொன்னா? நடக்கறவன் நடக்கத்தானே செய்றான்?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி விடு. வியாழக்கிழமைய தள்ளிப் போடச் சொல்றேன். மறுபடி எண்ணு. பொட்டி வேணாம், ஆள் நிக்கட்டும், எங்கேருந்து எங்கேன்னு கேட்டு எழுதட்டும். நீயே நில்லு."

"எங்கப்பாவும் அதுல ஒருத்தர், சார். அதையும் சொல்லிடறேன்."

"இன்னும் நல்லதாப் போச்சு. அவங்க கதை விட்டா உனக்குத் தெரியும்ல?"

அந்த வாரம் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்கு நிலப் பயன்பாட்டு வரைபடத்தை விரித்து வைத்து விரலால் தடவினாள். குடியிருப்புக்கு மஞ்சள், கடைக்குச் சிவப்பு, கல்வி நிறுவனத்துக்கு நீலம். திறந்தவெளிக்குப் பச்சை, பச்சை எங்குமில்லை. வளாகத்துக்குள் நல்ல ஓடுதளம் இருந்தது. அது நீலத்தின் வயிற்றுக்குள், அடையாள அட்டையும் காவலரும் தாண்டி. பாதை என்று போடாமல் அந்தச் சந்தைத் திறந்தவெளியாகவே குறித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. திறந்தவெளியை எடுத்தால் ஈடாக வேறிடம் கொடுத்தாக வேண்டும். விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். திறந்தவெளிக்குக் குறைந்தபட்ச அகலம் பத்து மீட்டர். சந்து ஆறு மீட்டர். டேப் பிடித்து மறுபடி அளந்தாள். ஆறேதான். ஆறு மீட்டர் நாலு அங்குலம் கூட இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி தன்னுடையது, எண்ணிக்கை தவறு, இனி சுற்றுவதைச் சேர்க்க முடியாது, இருநூற்றைம்பதுக்குக் கீழே போனால் சந்து மதிலுக்குள் போய்விடும்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா அடுப்படியில் பாத்திரத்தை வைக்கிற சத்தம் நின்றது.

"ஏன் சேர்க்க முடியாது?"

"கெளம்பின எடத்துக்கே திரும்பி வந்தா அது பயணம் இல்லப்பா. எங்க தொழில்ல அப்படித்தான்."

"முப்பத்திரெண்டு வருஷம் நான் டிப்போலேருந்து வண்டிய எடுத்து டிப்போலதான் விட்டேன்," என்றார் அவர். குரல் உயரவில்லை. "அதுவும் இல்லையா?"

"அதுல ஏறினவங்க எறங்கினாங்கல்ல."

"அவங்க எறங்கினாங்க. நான் எறங்கலையே."

  இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஒரு வண்டி வந்து, யாரையோ இறக்கிவிட்டுப் போனது. அம்மா எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் ஊமைச் சாமி கும்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டு, யாரும் சிரிக்காததால் உள்ளே போய்விட்டாள்.

நடைக்கூட்டம் சும்மா இருக்கவில்லை. செய்தி அப்பா வழியாகத்தான் போயிருக்க வேண்டும். ஞாயிறன்று மேஜர் வீட்டுக்கே வந்தார். அவளைப் பார்த்து, "என்னம்மா, எங்க சலாமையெல்லாம் வாங்கி வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணிட்டியே," என்றார் சிரிப்போடு. பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "கவலைய விடுங்க. எல்லாரும் பேசி வச்சாச்சு. எண்ணுற நாள்ல யாரும் சுத்தக் கூடாது. ஆளுக்கொரு வேலை. அந்தப் பக்கம் போய் முடிச்சுட்டு, இந்தப் பக்கம் வரணும். போக ஒண்ணு, வர ஒண்ணு. டீச்சரம்மா காய்கறி. நான் நூலகம்."

"காலைல ஆறு மணிக்கா நூலகம்?" என்றாள் அவள்.

"தொறக்கற வரைக்கும் வாசல்ல உக்காந்திருப்பேன். அறிவுப் பசிம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு மனதுக்குள் ஒரு கூட்டல் நடந்ததையும் தடுக்க முடியவில்லை. இருபத்திரண்டு பேர், போகவர நாற்பத்து நான்கு. இருநூற்று முப்பதோடு சேர்ந்தால் இருநூற்று எழுபத்து நான்கு. படிவம் எழுதுகிறவர்களுக்கான கையேட்டில் ஒரு வரி உண்டு: சொல்வதை எழுதவும், விவாதிக்க வேண்டாம். அதை எழுதியதே அவள்தான்.

"உங்களுக்கு என்ன வேலைப்பா?" என்று மேஜர் போனபின் கேட்டாள்.

"பாப்போம்," என்றார்.

எண்ணும் நாளன்று லேசாகத் தூறியது. மேற்கு முனையில் அலுவலகத்துத் தோழி ஒருத்தி. கிழக்கு முனையில் அவள். பிளாஸ்டிக் உறைக்குள் படிவம், கழுத்தில் அட்டை. ஆறுக்குள் முதல் ஆள் வந்துவிட்டாள். பல் மருத்துவக் கல்லூரியில் தரை துடைக்கிற பெண். எங்கேருந்து, எங்கே, எதற்கு. நடந்துகொண்டே சொன்னாள். அவளைப் போல் இன்னும் சிலர். தூறலால் வழக்கமான கூட்டம் மெலிந்திருந்தது.

ஆறே காலுக்கு நடைக்கூட்டம் வந்தது. வழக்கமான உடையில் இல்லை. ஏதோ கல்யாணத்துக்குப் புறப்பட்டவர்கள்போல் கையில் பையும், தூக்கும், உறையிட்ட காகிதங்களுமாக. சாலையைக் கடந்து வந்து, அவள் முன்னால் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள்.

டீச்சரம்மா முதலில். "வீட்லேருந்து. காய்கறி வாங்க." பையை விரித்தும் காட்டினாள். தங்கை, "அவ வாங்கறத தூக்க," என்றாள். அடுத்தவர் தையல்காரரிடம் அளவு கொடுக்க. அடுத்தவர் மகளைப் பார்க்க. சிலது உண்மையாகக் கூட இருக்கலாம். அவள் தலையை நிமிர்த்தாமல் எழுதினாள். பதினைந்து பேர் போய்விட்டார்கள். மீதி ஏழு. அந்த ஏழில் முதலாவது அப்பா.

அவர் கையில் எதுவும் இல்லை. பின்னால் மேஜர், கக்கத்தில் ஒரு தடித்த புத்தகம். அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர்.

"எங்கேருந்து வர்றீங்க?" என்றாள். எல்லோரிடமும் கேட்ட அதே குரலில் கேட்க வேண்டும் என்று கேட்டாள்.

"வீட்லேருந்து."

எழுதினாள். "எங்கே போறீங்க?"

அப்பா அவளைப் பார்த்தார். தூறல் அவர் புருவத்தில் உட்கார்ந்திருந்தது. அவள் பேனாவைத் தாளில் ஊன்றியபடி காத்திருந்தாள். மற்றவர்களுக்கு இவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை. பதில் வரத் தாமதமானால் அடுத்த கேள்விக்குப் போவதுதான் முறை. அவள் போகவில்லை. பேனா முனை தொட்ட இடத்தில் மை மெல்லப் பரந்தது. மேஜர் தொண்டையைச் செருமினார். சந்தின் மறு முனையில் டீச்சரம்மாவின் வெள்ளைக் காலணி திரும்பி மறைந்தது. ஏதாவது சொல்லுங்கள் என்று நினைத்தாள். மருந்துக் கடை. தபால் நிலையம். யாராவது நண்பர் வீடு. பேனாவை எடுக்காமல் நின்றாள்.

"வீட்டுக்குத்தான்," என்றார் அப்பா. "சும்மா நடந்துட்டு வீட்டுக்குப் போறேன்மா. வேற எங்க போவேன்?"

படிவத்தில் கடைசிக் கட்டத்துக்கு "சுற்றுநடை" என்று பெயர். கூட்டலில் சேராத கட்டம். அதில் ஒன்று போட்டாள். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சந்துக்குள் நடந்தார்.

மேஜர் முன்னால் வந்தார். புத்தகத்தைக் கக்கத்திலிருந்து எடுத்தார். அப்பாவின் முதுகைப் பார்த்தார். திரும்ப வைத்துக்கொண்டார்.

"எங்கே போறீங்க?"

"எழுதிக்கோம்மா," என்றார் சலிப்போடு. "எனக்கும் வீடுதான்."

அவருக்குப் பின்னால் நின்ற ஐந்து பேரும் அதையே சொன்னார்கள். ஒருவர் மட்டும், "அந்த மனுஷன் காரியத்தக் கெடுத்தாரு," என்று முனகிவிட்டுச் சொன்னார்.

சாயங்காலம் இரண்டு முனைப் படிவங்களையும் கூட்டியபோது இருநூற்று முப்பத்தெட்டு வந்தது. மூன்று தடவை கூட்டினாள். தோழியைக் கூட்டச் சொன்னாள். இருநூற்று முப்பத்தெட்டு. குறைவது பன்னிரண்டு. ஏழு பேர், போகவரப் பதினான்கு. இந்தக் கணக்கைப் போடக் கூடாது என்று நினைப்பதற்குள் போட்டு முடித்திருந்தாள். தாளின் அடியில் கையெழுத்திட்டு மேலாளரிடம் கொடுத்தாள். அவர் எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "உன் கையெழுத்து நல்லா இருக்கு," என்றார், வேறெதுவும் சொல்லத் தோன்றாமல்.

வீட்டுக்குப் போனபோது அப்பா முன்னறையில் உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சி ஓடியது, சத்தம் இல்லாமல்.

"எவ்வளவு?"

"எரநூத்தி முப்பத்தெட்டு."

"என்னைச் சேர்த்தா?"

"சேர்க்காம."

"ம்." திரையில் யாரோ வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். "எப்ப மதில் எழுப்புவான்?"

"ரெண்டு மூணு மாசமாகும்பா."

அவள் பையைக் கழற்றாமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவருடைய நேர்மையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும்போல் அவளுக்கு இருந்தது. உங்களால்தான் ஆறு பேர் உண்மை சொன்னார்கள் என்று. வாய்வரை வந்தது. அதற்குள் அவர் பேசினார்.

"பேனாவ வச்சுக்கிட்டு நின்னியே," என்றார், திரையைப் பார்த்தபடி. "டீச்சரம்மாகிட்ட அப்படி நிக்கல. எங்கிட்ட மட்டும் நின்ன."

அவள் பையின் வாரை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"நான் ஏதாவது சொல்லட்டும்னுதானே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பேனாவில் மை சரியாக வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். கதவருகே வந்து நின்ற அம்மா, இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு இந்தத் தடவை வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை.

"ஆமாப்பா," என்றாள்.

அவர் தலையை மெல்ல ஆட்டினார். கோபமா, இல்லையா என்று அவளால் அந்த ஆட்டலில் படிக்க முடியவில்லை. முன்பின் தெரியாத ஆயிரம் முகங்களைப் படித்தவளுக்கு அது முடியவில்லை. அவர் எழுந்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். சாயங்காலத்தில் அவர் நடந்ததே இல்லை.

"எங்கப்பா?" என்றாள்.

அவர் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனார்.